பின்னாடி உட்கார்ந்து ஓடுற ப்ரோகிராம்களை எழுதுறவங்களுக்கு ஒரு நெட் சென்டர்காரனோட திறந்த மடல்

அன்புள்ள ப்ரோகிராமர் அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கச்சிங்களே, அப்புறம் "சிஸ்டம் ஆன் ஆனதும் நம்ம ஆப் தானா எந்திரிக்கிற மாதிரி போட்டுடுங்க"ன்னு மீட்டிங்ல சொல்ற மேனேஜர்களே,

வணக்கம். நீங்க எந்த ஊர்ல இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது, ஆனா உங்க பிள்ளைங்க, அதாவது நீங்க எழுதின ப்ரோகிராம்கள், எல்லாரும் என் கடையிலதான் இருக்காங்க. அதைப் பத்திதான் இந்த லெட்டர்.

தென்காசி பக்கம் சின்ன ஊர், பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல நெட் சென்டர் வச்சிருக்கேன். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆதார் பிரிண்ட் அவுட், கரண்ட் பில், ரயில் டிக்கெட், பரீட்சை அப்ளிகேஷன், பென்ஷன்காரங்க கைரேகை வேலைன்னு எல்லாம் உண்டு. மொத்தம் அஞ்சு சிஸ்டம். ரெண்டுக்கு எஸ்எஸ்டின்னு வேகமான புது டிஸ்க் மாத்தியாச்சு, மீதி மூணும் 4 ஜிபி ரேமும் பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க்கும்தான். காலைல எட்டே முக்காலுக்கு ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி, வரிசையா சுவிட்சைப் போடுவேன், நான் இன்னும் சேர்ல உட்கார்ந்திருக்க மாட்டேன், அதுக்குள்ள கீழ கடிகாரத்துக்குப் பக்கத்துல இருக்குற குட்டி அம்பைத் தட்டிப் பாத்தா நான் கூப்பிடாத ப்ரோகிராம்கள் பன்னெண்டு பேர் இலை போட்டு உட்கார்ந்தாச்சு. பந்திக்கு முந்துன்னு சொன்னதை இவ்ளோ ஒழுங்கா கடைப்பிடிக்கிறவங்களை நான் எந்தக் கல்யாண வீட்டுலயும் பாத்ததில்ல.

யார் யார்னு கேளுங்க. பிடிஎஃப் படிக்கிற சாஃப்ட்வேருக்கு புது அப்டேட் வந்திருக்கான்னு நிமிஷத்துக்கு நிமிஷம் எட்டிப் பாக்குறவர் ஒருத்தர். பிரிண்டர்ல மை இருக்கான்னு விசாரிக்கிறவர் ஒருத்தர். பாட்டு ஆப் ஒண்ணு, என் கடையில பாட்டுக்குன்னு இருக்குறது மேல மாட்டி வச்ச எஃப்எம் ரேடியோ மட்டும்தான். பக்கத்துத் தெரு பையன் லீவுல போட்டு விளையாடின கேமோட லாஞ்சர், அதாவது அந்த கேமைத் திறந்து விடுற ப்ரோகிராம், கேமை அன்இன்ஸ்டால் பண்ணியும் லாஞ்சர் கிளம்பல. அப்புறம் ஒரு வீடியோ மீட்டிங் சாஃப்ட்வேர், 2020 லாக்டவுன்ல ஒரு பிள்ளையோட ஆன்லைன் கிளாஸுக்குன்னு போட்டது, அந்தப் பிள்ளை ஸ்கூல் முடிச்சு காலேஜும் முடிச்சிடுச்சு, இவர் மட்டும் தினமும் காலைல குளிச்சுட்டு கிளாஸுக்கு ரெடியா உட்கார்ந்திருக்கார். சிஸ்டம் ஆன் ஆனதும் எந்திரிக்கிறவங்க லிஸ்ட் இருக்குற ஸ்டார்ட்அப்ல போய் டிசேபிள் பண்ணினேன், அடுத்த அப்டேட்ல அவரே எனேபிள் பண்ணிட்டு வந்துட்டார். வேதாளம் முருங்கை மரம் ஏறினதாவது ராத்திரியில, இவர் பட்டப்பகல்ல ஏறுறார்.

போன நவம்பர்ல நடந்ததைச் சொல்லணும், இந்த லெட்டர் எழுத உட்கார்ந்ததே அதுக்காகத்தான்.

மத்திய அரசு பென்ஷன் வாங்குறவங்க வருஷா வருஷம் நவம்பர்ல தான் உயிரோட இருக்குறதுக்கு ஆதாரம் கொடுக்கணும். முந்தி பேங்குக்கு நேர்ல போய் நிக்கணும், 2014 நவம்பர்ல ஜீவன் பிரமாண்னு கொண்டு வந்ததுக்கு அப்புறம் கைரேகை வச்சே முடிச்சிடலாம். அதுக்கு ஒரு சின்ன ஸ்கேனர் இருக்கு, அந்த ஸ்கேனருக்கு ஆர்டி சர்வீஸ்னு ஒரு ப்ரோகிராம் பின்னாடி ஓடணும். ரேகையை வாங்கி, பூட்டு போட்டு, ஆதார் பக்கம் அனுப்ப ரெடி பண்ணித் தர்றது அதுதான். சிஸ்டத்துக்குள்ளேயே 11100ல இருந்து 11120 வரைக்கும் உள்ள போர்ட்கள்ல, அதாவது ப்ரோகிராம்கள் பேசிக்கிற நம்பர் போட்ட வாசல்கள்ல, ஒண்ணுல காதைத் தீட்டிட்டு சத்தமில்லாம உட்கார்ந்திருக்கும், கூப்பிட்டா மட்டும் எந்திரிக்கும். பின்னாடி ஓடுற ப்ரோகிராம்னாலே எனக்கு ஆகாதுன்னு நினைச்சுடாதீங்க, இந்த ஒண்ணு ஓடலன்னா நவம்பர் மாசம் எனக்குப் பாதி வேலை இல்ல.

ரயில்வேல கேங்மேனா இருந்து ரிட்டயர் ஆன ஒரு தாத்தா வந்தார். எழுபத்தெட்டு வயசு. தண்டவாளத்துல சுத்தியலும் கம்பியும் பிடிச்சுப் பிடிச்சு கை தேய்ஞ்சு வழவழன்னு இருக்கும். விரலை வச்சார், சுத்துச்சு, டைம் அவுட். துண்டுல துடைச்சுட்டு திரும்ப வச்சார், டைம் அவுட். நான் ஈரத்துணி கொடுத்தேன், வேற விரல் மாத்தச் சொன்னேன், கட்டை விரல், நடு விரல், இடது கை, எல்லாம் டைம் அவுட். வெளிய பெஞ்சுல இன்னும் நாலு பேர் உட்கார்ந்திருக்காங்க. தாத்தா விரலையும் ஸ்கேனரையும் மாறி மாறிப் பாத்துட்டு என்கிட்ட கேட்டார், "ஏ தம்பி, நான் உசுரோட இருக்கது இந்தப் பெட்டிக்குத் தெரியலியா?"

அவர் சிரிச்சுட்டுத்தான் கேட்டார், எனக்குத்தான் நெஞ்சு கனத்துப் போச்சு.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்கினேன். உள்ள யார் யார் ஓடுறாங்கன்னு காட்டுற டாஸ்க் மேனேஜர் வர்றதுக்கே ஒரு நிமிஷம் ஆச்சு. டிஸ்க் 100%, சிவப்பா. அந்த ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு 5400 சுத்து, அதாவது வினாடிக்கு 90 சுத்துதான், அதுக்கு மேல அதால முடியாது. பெரிய மெஸ்ல ஒரே ஒரு சப்ளையர் அஞ்சு வரிசைக்கும் ஓடுற மாதிரி டிஸ்க்கைப் படிக்கிற அந்த ஹெட் இங்க அங்கன்னு அலையுது. ஒரு வரிசையில ட்ரையல் முடிஞ்ச ஆன்டிவைரஸ் ஸ்கேன் பண்ணிட்டிருக்கு, ஒரு வரிசையில பிடிஎஃப் அப்டேட் இறங்குது, ஒரு வரிசையில கேம் லாஞ்சர், இன்னொண்ணுல மை விசாரிக்கிறவர். கடைசி வரிசையில நம்ம ஆர்டி சர்வீஸ் இலையைப் போட்டு சோறு வருமா வருமான்னு பாத்துட்டே இருக்கு. தாத்தாவோட விரல் தேய்ஞ்சது காரணமே இல்ல, அன்னைக்கு ரேகையை வாங்கவே ஆளுக்கு நேரமில்ல.

ஒவ்வொண்ணா எண்ட் டாஸ்க் கொடுத்தேன். கேம் லாஞ்சர் போச்சு. பிடிஎஃப்காரர் போனார். ஆன்டிவைரஸ் "உனக்கு அனுமதி இல்ல"ன்னுச்சு, என் கடையில, என் சிஸ்டத்துல, அட்மின் பாஸ்வேர்ட் போட்டு உட்கார்ந்திருக்குற என்கிட்ட. மை விசாரிக்கிறவரை அனுப்பினா ரெண்டு செகண்டுல திரும்ப வந்து அதே இடத்துல நிக்கிறார், அனுப்புறேன், வர்றார், அனுப்புறேன், வர்றார். தாத்தா எட்டிப் பாத்து "யாரைப்பா இப்படி விரட்டுத?"ன்னார். விளக்கிச் சொன்னேன், வேலை இல்லாத ப்ரோகிராம் எல்லாம் உள்ள நின்னுக்கிட்டு வழி விட மாட்டேங்குது தாத்தான்னு. அவர் சொன்னார், "எங்க கேங்ல வேலை இல்லாதவன் லைன்ல நிக்கப்படாது. நின்னா மேஸ்திரி விடவே மாட்டார்." எனக்குத் தெரிஞ்சு சிஸ்டம் மெமரியைப் பத்தி யாரும் இதை விடச் சுருக்கமா சொன்னதில்ல.

கடைசியா, விண்டோஸ்ல பின்னாடி ஓடுறவங்க லிஸ்ட் இருக்குற சர்வீசஸ்ல போய் மைக்காரரை ஸ்டாப் பண்ணி, டிசேபிள்னு மாத்தி, அதுக்கு அப்புறம் விரலை வச்சா அஞ்சு செகண்ட்ல பச்சை வந்துடுச்சு. தாத்தா உயிரோட இருக்கார்னு ரெக்கார்ட் ஆயிடுச்சு.

இதுல எனக்கு ரொம்ப வருத்தம் எது தெரியுமா, அந்த ரெண்டு செகண்டுல திரும்ப வர்றதை யாரோ உட்கார்ந்து யோசிச்சு எழுதியிருக்காங்க. விண்டோஸ் சர்வீஸ்ல ரெகவரின்னு ஒரு டேப் இருக்கு, முதல் தடவை விழுந்தா என்ன பண்ணணும், ரெண்டாவது தடவை விழுந்தா, அதுக்கு அப்புறம் விழுந்தான்னு மூணு இடம் இருக்கும், மூணுலயும் ரீஸ்டார்ட்னு போட்டு வைக்கலாம். அது நல்ல வசதிதான், டேட்டாபேஸ் மாதிரி விழவே கூடாத வேலைக்கு அது வேணும். மை விசாரிக்க எதுக்கு? அதைவிடக் கெட்டிக்காரங்க சில பேர் ரெண்டு ப்ரோகிராமா எழுதி ஒண்ணை ஒண்ணு காவல் காக்க வைக்கிறாங்க, ஒருத்தனை அனுப்பினா இன்னொருத்தன் கூப்பிட்டுட்டு வந்துடுவான். புராணத்துல ரத்தபீஜன் ரத்தம் சிந்துன இடத்துல எல்லாம் புது ரத்தபீஜன் முளைப்பான்னு பாட்டி சொல்லும், நான் நேர்ல பாத்தது டாஸ்க் மேனேஜர்லதான்.

நான் பாலிடெக்னிக்ல படிக்கும்போது லினக்ஸ் லேப் இருந்துச்சு, விண்டோஸ் மாதிரி அது இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம். அங்க கில்னு ஒரு கமாண்ட். பேரைக் கேட்டா கொலைகாரன் மாதிரி இருக்கும், ஆனா அதுல இருக்குற மரியாதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம்பர் எதுவும் போடாம கில் அடிச்சா அது 15ஆம் நம்பர் சிக்னலைத்தான் அனுப்பும், டெர்ம்னு பேர். அதுக்கு அர்த்தம், தம்பி நேரமாச்சு, சாப்பிட்டு முடிச்சு இலையை மூடிட்டு எந்திரின்னு. அந்த ப்ரோகிராம் தன் ஃபைலை சேவ் பண்ணிட்டு, திறந்ததை மூடிட்டு, கௌரவமா வெளிய போகலாம். அதுக்கும் கேக்கலன்னாதான் 9ஆம் நம்பர். 9ஐ எந்த ப்ரோகிராமும் தடுக்க முடியாது, காதுல விழாத மாதிரி நடிக்கவும் முடியாது, சிஸ்டத்தோட அடிப்படையான கெர்னலே வந்து இலையை உருவிடும். எங்க லேப்ல பசங்க எடுத்த எடுப்புலயே 9 போடுவாங்க, சார் திட்டுவார், முதல்ல சொல்லிப் பாருடா, அப்புறம் கையை வைன்னு. விண்டோஸ்ல டாஸ்க்கில் கமாண்டும் அப்படித்தான், எஃப் போடாம அடிச்சா மூடிக்கோன்னு கேக்கும், எஃப் போட்டா கழுத்தைப் பிடிச்சுத் தள்ளும்.

அந்த லேப்லதான் ஸோம்பி ப்ராசஸ்னு ஒண்ணு பாத்தேன், ப்ராசஸ்னா ஓடிட்டிருக்குற ப்ரோகிராம். அது செத்துப் போனது, மெமரி எடுக்காது, சிபியு எடுக்காது, லிஸ்ட்ல பேர் மட்டும் இருக்கும், 9 போட்டாலும் போகாது, ஏன்னா செத்ததை எப்படிச் சாகடிக்கிறது. அதைப் பெத்த ப்ராசஸ் வந்து ஆமா முடிஞ்சுதுன்னு கணக்கை வாங்கிக்கணும், வாங்காத வரைக்கும் அந்தப் பேர் அப்படியே நிக்கும். ரேஷன் கார்டுல பேர் நீக்காத பெரியப்பா மாதிரி. பெத்ததும் போயிடுச்சுன்னா ஒண்ணாம் நம்பர் ப்ராசஸ் அந்தப் பிள்ளைய தத்து எடுத்து கணக்கை முடிச்சு வச்சிடும். ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதினவங்க அனாதைப் பிள்ளைக்குக் கூட யார் பொறுப்புன்னு யோசிச்சு வச்சிருக்காங்க பாருங்க. என் சிஸ்டத்துல உட்கார்ந்திருக்குற உங்க பிள்ளைங்களுக்கு யார் பொறுப்பு?

பின்னாடி ஓடுற ப்ரோகிராமுக்கு, லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் பக்கம் டீமன்னு பேர். 1960கள்ல அமெரிக்காவுல எம்ஐடி யுனிவர்சிட்டியில ப்ராஜெக்ட் மேக்னு கம்ப்யூட்டர் ஆராய்ச்சி பண்ணின ஆளுங்க வச்ச பேர், மேக்ஸ்வெல்னு ஒரு இயற்பியல் மேதை கற்பனையா சொன்ன ஒரு குட்டி பூதம் உண்டு, கண்ணுக்குத் தெரியாம உட்கார்ந்து சூடான மூலக்கூறையும் குளிர்ந்த மூலக்கூறையும் பிரிச்சுக்கிட்டே இருக்கும், அதை வச்சு வச்சது. என் கடைக்கு வர்ற ஒரு அம்மா, நான் டாஸ்க் மேனேஜரைத் திறந்தாலே "தம்பி பேய் ஓட்ட ஆரம்பிச்சிட்டான், இரு"ன்னு மகள்கிட்ட சொல்லும். ஆனா டீமன்கிற அந்தப் பழைய கிரேக்க வார்த்தைக்கு பேய்னு மட்டும் அர்த்தம் இல்ல, காத்து நிக்கிற தெய்வத்துக்கும் அதே பேர்தான். எங்க ஊர்ல சுடலைமாடன் ஊருக்கு வெளிய நிக்கிறார். ராத்திரி பூரா காவல் அவர்தான். வருஷத்துக்கு ஒரு கொடை கொடுக்குறோம், மத்த நாள்ல அவர் யார் வீட்டுக் கதவையும் தட்டி எனக்கு அப்டேட் இருக்கு, இப்ப போடவா பிறகு போடவான்னு கேக்குறது கிடையாது. நீங்க எழுதுறது அந்த மாதிரி இருக்கணும்னுதான் நான் ஆசைப்படுறேன், ஆர்டி சர்வீஸ் அப்படித்தான் இருக்கு.

டாஸ்க் மேனேஜர் வந்த கதை உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். டேவ் பிளம்மர்னு ஒருத்தர், மைக்ரோசாஃப்ட்ல வேலை பாத்தவர், வீட்டுல உட்கார்ந்து தன் வசதிக்குன்னு எழுதினது, 1996ல விண்டோஸ் என்டி 4.0 கூட வந்துச்சு. அதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பெருசாத் தெரியும். டாஸ்க் மேனேஜரே ஹேங் ஆயிடுச்சுன்னா திரும்ப கண்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் அமுக்கினா போதும், பழையது ஒரு 10 செகண்டுக்குள்ள பதில் சொல்லலன்னா புதுசா ஒண்ணைத் திறந்து கொடுத்துடும். உக்காந்திருக்குறவன் கை கட்டிப் போயிடக் கூடாதுன்னு ஒருத்தர் யோசிச்சிருக்கார். 1996ல, இப்ப ஃபோன்ல இருக்குற மெமரியில நூத்துல ஒரு பங்கு கூட இல்லாத காலத்துல.

அப்புறம் வழிகள். நீங்க உள்ள வர்றதுக்கு எத்தனை வாசல்! ஸ்டார்ட்அப் ஃபோல்டர், விண்டோஸ் தன் செட்டிங்கை எல்லாம் எழுதி வைக்கிற ரெஜிஸ்ட்ரியில ரன்னு ஒரு இடம், டாஸ்க் ஷெட்யூலர், சர்வீசஸ். முன் வாசலைச் சாத்தினா கொல்லைப்புறம், கொல்லைப்புறத்தைச் சாத்தினா மாடி. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் எழுதின ஆட்டோரன்ஸ்னு ஒரு குட்டி டூல் இருக்கு, எல்லா வாசலையும் ஒரே இடத்துல காட்டும், முதல் தடவை அதைத் திறந்து பாத்த அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல. அதுல டிக் எடுக்க எனக்குத் தெரியும். பத்தாம் கிளாஸ் பிள்ளைக்கு யார் சொல்லித் தருவா?

இங்க நிறையப் பேர் வீட்டுல லேப்டாப்புக்கு அப்பாவோட ஃபோன் ஹாட்ஸ்பாட்தான். நாளைக்கு ஒன்றரை ஜிபி. அந்தப் பிள்ளை காலைல லேப்டாப்பைத் திறந்து ஹாட்ஸ்பாட் போட்டதும் முதல்ல சாப்பிட உட்கார்றது நீங்கதான், அது ஹால் டிக்கெட் டவுன்லோட் பண்ணப் போகும்போது டேட்டா தீர்ந்துடுச்சுன்னு மெசேஜ் வரும், அப்புறம் மத்தியானம் வெயில்ல சைக்கிளை மிதிச்சுக்கிட்டு என் கடைக்கு வரும். எனக்குப் பத்து ரூபா வருமானம்தான், ஆனா அந்த மூஞ்சியைப் பாத்தா அந்தப் பத்து ரூபா வேண்டாம்னு இருக்கும்.

பேரும் ஒழுங்கா வைக்க மாட்டேங்குறீங்க. நாலு எழுத்து, ரெண்டு நம்பர், ஒரு அண்டர்ஸ்கோர், விவரம்னு இருக்குற இடம் காலி. இதனால என்ன ஆகுதுன்னா, ஜனங்க பேய்க்குப் பயந்து சாமியைக் கல்லால அடிக்கிறாங்க. எஸ்விசிஹோஸ்ட்னு பேர் இருபது முப்பது வரிசையில வந்தா வைரஸ்னு நினைச்சு அதை எண்ட் பண்றான் ஒருத்தன், அது விண்டோஸோட சொந்த சர்வீஸ்களைச் சுமக்குறது, 2017ல வந்த விண்டோஸ் 10 அப்டேட்ல இருந்து மெமரி கொஞ்சம் கூட இருக்குற சிஸ்டத்துல சர்வீஸுக்கு ஒண்ணா தனித்தனியா ஓடும், அதான் அவ்ளோ வரிசை. எச்சரிக்கை வந்தும் தாண்டிப் போய் சிஸ்டம் ப்ராசஸ்ல கையை வச்சா நீலத் திரைதான். ஃபோன்ல வேற மாதிரி, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எல்லா ஆப்பையும் மேல தள்ளித் தள்ளி விடுறாங்க, பேட்டரி மிச்சமாகுதுன்னு. ஆண்ட்ராய்டும் ஐஃபோனும் அதைத் தானே பாத்துக்கும், அப்படித் தள்ள வேண்டியதில்லன்னு 2016லயே ரெண்டு பக்கத்துப் பெரிய ஆளுங்களும் சொல்லியாச்சு. யாரும் கேக்கல. உங்களை நம்பாமப் போயிட்டாங்க, அவ்ளோதான்.

நான் கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. சிஸ்டம் ஆன் ஆகும்போது நானும் எந்திரிக்கட்டுமான்னு இன்ஸ்டால் பண்ணும்போதே ஒரு வார்த்தை கேளுங்க, அந்த டிக்கைக் காலியா விடுங்க, வேணும்னா நாங்க போட்டுக்கிறோம். அப்டேட் பாக்கணும்னா எங்க ஆள் உங்க சாஃப்ட்வேரைத் திறக்கும்போது பாருங்க, அதுக்குன்னு தனியா ஒருத்தரை நாள் பூரா திண்ணையில உட்கார வைக்காதீங்க. மூலையில இருக்குற எக்ஸை அமுக்கினா நிஜமாவே வெளிய போங்க, கதவைச் சாத்திட்டுப் போனான்னு பாத்தா கட்டிலுக்கு அடியில படுத்திருக்கக் கூடாது. எண்ட் டாஸ்க் கொடுத்தா ஒரு மனுஷன் யோசிச்சுத்தான் கொடுத்திருக்கான்னு நம்புங்க. அன்இன்ஸ்டால்னு சொன்னா பாய், தலையணை, உங்க அப்டேட்டர் தம்பி எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க. விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குன்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க, நீங்க வந்து ஆறு வருஷம் ஆச்சு.

போன வாரம் ஃபோட்டோவைக் கேபி கணக்குக்குச் சுருக்குற ஒரு சின்ன சாஃப்ட்வேர் போட்டேன். யாரோ தனி ஆள் எழுதினது. இன்ஸ்டால் ஆகி முடிஞ்சதும் கடைசிப் பக்கத்துல, சிஸ்டம் ஆன் ஆகும்போது நான் வர வேண்டியதில்லை, தேவைப்படும்போது என்னைத் திறந்தா போதும்னு ஒரு வரி எழுதியிருந்துச்சு. அந்த வரியை ரெண்டு தடவை படிச்சேன். அன்னைக்கே அவருக்கு மெயில் போட்டேன், உங்க சாஃப்ட்வேர்ல இன்னைக்கு மட்டும் முப்பது பிள்ளைங்களோட ஃபோட்டோ சுருக்கினோம், நன்றின்னு. உங்களுக்கும் அப்படி ஒரு மெயில் போடணும்னு எனக்கு ஆசையா இருக்கு.

இப்படிக்கு,
பஸ் ஸ்டாண்டு எதுத்தாப்ல நெட் சென்டர் வச்சிருக்குறவன்

பி.கு: மை இருக்கான்னு விசாரிக்கிற அந்த ப்ரோகிராமை எழுதினவங்களுக்கு மட்டும் தனியா. அந்தப் பிரிண்டரைப் போன ஆடி மாசமே பழைய இரும்புக் கடையில போட்டாச்சு. மை வேண்டாம்.